என் பெயரில் ஓடிய துடிப்பு

பனிக்குழி நிலையம், செவ்வாய். பணிநாள் 212. காலை 7:10

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் ஃபிலோமினா வாஸ். உடலியங்கியல் மருத்துவர், வயது ஐம்பத்திரண்டு, சொந்த ஊர் தூத்துக்குடி. இந்த நிலையத்தில் நான்கு பேர் இருக்க வேண்டும். நான்காவது இடத்தைக் கம்பெனி நிரப்பவே இல்லை, இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறோம். இன்னொருவன் சுயம்புலிங்கம், உடன்குடிக்காரன், பனிக்கட்டி வெட்டுபவன். எனக்கு இருபது வயது இளையவன், வாய் மட்டும் என்னைவிட மூத்தது.

வழக்கமான காலைப் பரிசோதனை. வெளியே போகும் உடையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவன் துடிப்பு நிமிடத்துக்கு 66. கதவு விளக்கு பச்சையானதும், ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், 90. தினமும் இப்படித்தான். பூமியிலிருந்து மருத்துவக் குழுத் தலைவர் டாக்டர் நவநீதனும் தினமும் ஒரே குறிப்பைத்தான் அனுப்புகிறார்:

"நடக்கத் தொடங்கும் முன்பே துடிப்பு உயர்கிறது. தொழிலாளி பதற்றத்தில் உள்ளார். அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுக்கவும்."

கொடுக்கமாட்டேன். மூளை கால்களை நடக்கச் சொல்லும்போதே இதயத்துக்கும் தகவல் சொல்லிவிடுகிறது. சும்மா இருக்கும் நேரத்தில் இதயத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் நரம்பு பிடியைத் தளர்த்துகிறது, துடிப்பு ஏறுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, முடுக்கிவிடும் நரம்புகள் சேர்ந்துகொள்கின்றன. வேலை வரப்போகிறது என்று உடல் முன்கூட்டியே அடுப்பு மூட்டுவதற்குப் பெயர் பதற்றமா? முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்த பாடம் இது. நவநீதனுக்கும் தெரியும். கம்பெனி கொடுத்த அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது, அவ்வளவுதான் விஷயம்.

மாத்திரையைக் கழிவுத்தொட்டியில் போட்டேன். சுயம்பு வண்டியை எடுத்துக்கொண்டு வெட்டுக்குழிக்குக் கிளம்பிவிட்டான்.

காலை 10:50

வண்டி நின்றுவிட்டது. நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். வானொலியில் அவன் சொன்னது:

"டாக்டரம்மா, இந்தச் சவத்து வண்டி படுத்துட்டு. பேட்டரி செத்துப்போச்சு. தட்டிப் பாத்தேன், உதைச்சும் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. நான் நடந்து வாரேன். சோத்துக்கு ஒல வைங்க."

காற்று மூன்று மணி நேரத்துக்கு இருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அது இல்லை என் கவலை. அவன் உடையில் உடம்பைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்புகள் இரண்டு. அதில் ஒன்று போன வாரமே நின்றுவிட்டது. அன்றே எழுதினேன். மாற்றுப் பாகம் அடுத்த கப்பலில் வரும், அதுவரை "கவனத்துடன் பயன்படுத்தவும்" என்று பதில் வந்தது. எதைக் கவனத்துடன் பயன்படுத்துவது? ஓடாத பம்பையா?

நான் போய் எதிர்கொள்ள முடியாது. இருப்பது ஒரே வண்டி. என் உடைக்கு வெளியே போக அனுமதி இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதினால் மேசையை உடைப்பேன்.

காலை 11:35

சுயம்புவின் துடிப்பு 158. மூச்சு சீராக இருக்கிறது. பேச்சு குறைந்திருக்கிறது, அது நல்ல அறிகுறி இல்லை.

வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது. உடைக்குள்ளே அவன் சொந்தச் சூட்டில் வேகிறான். எடையில்லாமல் எட்டு மாதம் மிதந்து வந்தவன் உடலில் ரத்தம் ஏற்கெனவே குறைவு. அந்தக் குறைந்த ரத்தத்தை அவன் நரம்புகள் எப்படிப் பங்கு வைக்கின்றன என்று இங்கே உட்கார்ந்தே என்னால் சொல்ல முடியும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களை இறுக்கிவிட்டிருக்கும். காலையில் குடித்த கஞ்சி வயிற்றில் அப்படியே கிடக்கும். கால் தசைக்கும் அதே இறுக்கும் உத்தரவு போகிறது. ஆனால் உழைக்கிற தசை அந்த உத்தரவைக் காதில் போட்டுக்கொள்ளாது. தனக்கு வேண்டியதைத் தானே திறந்து வாங்கிக்கொள்ளும். இதற்கிடையில் சூட்டை வெளியேற்றத் தோலும் தன் பங்கைக் கேட்கிறது. குழம்புச் சட்டி ஒன்று, பந்தி இரண்டு. பற்றாக்குறையை இதயம்தான் ஓடி ஓடி ஈடுகட்ட வேண்டும்.

அதனால்தான் அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. இது நோய் இல்லை. அவன் உடம்பு ஒழுங்காக வேலை செய்வதன் கணக்கு இது.

பகல் 11:50

166. இப்போது எழுதித்தான் ஆகவேண்டும்.

கம்பெனியின் விதி இது: ஐந்து நிமிடம் தொடர்ந்து துடிப்பு 170-ஐத் தாண்டினால் தொழிலாளி ஓய்வெடுக்க வேண்டும். தானாக எடுக்கமாட்டான் என்பதால் உடையே அவனை நிறுத்திவிடும். அரை மணிக்கொரு முறை பூமியிலிருந்து ஓர் அனுமதிச் சைகை உடைக்கு வரவேண்டும். வந்தால் நடக்கலாம். வராவிட்டால் முழங்காலும் இடுப்பும் இறுகிப் பூட்டிக்கொள்ளும். ஆள் நின்ற இடத்தில் நிற்பான். பூமிக்குச் செய்தி போக பதினான்கு நிமிடம், திரும்பி வர பதினான்கு. தொடர்பைத் துண்டித்து ஏமாற்றவும் வழியில்லை. அனுமதி வராது, பூட்டிக்கொள்ளும்.

ஓடிக் களைத்த மனிதனை அசையாமல் நிற்கவைத்தால் என்ன ஆகும்? நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. அது பாதி இதயத்துக்குச் சமம். நின்றால் அந்தப் பாதி நின்றுபோகும். தசைக் குழாய்கள் திறந்தே கிடக்கும், தோலும் திறந்தே கிடக்கும், ரத்தமெல்லாம் காலில் தேங்கும். கழுத்திலுள்ள அழுத்த உணரிகள் மூளைக்குக் கூச்சலிடும். நரம்புகள் இறுக்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. தலைக்கு ரத்தம் போகாது, மயக்கம் வரும். சாதாரணமாக மயங்கியவன் கீழே விழுவான், விழுந்தால் ரத்தம் தலைக்கு வரும், பிழைத்துக்கொள்வான். பூட்டிய உடை விழவிடாது.

இருதயராஜ் அப்படித்தான் செத்தான். இங்கே மூன்றாவது ஆளாக இருந்தவன். வெட்டுக்குழிக்குப் பக்கத்தில் உடைக்குள் நிமிர்ந்து நின்றபடியே செத்துக் கிடந்தான். நின்றுகொண்டு எப்படிக் கிடப்பது என்று கேட்காதீர்கள், எனக்கு வேறு சொல் வரவில்லை. இதய நோய் என்று சான்றிதழ் எழுதி எனக்கு அனுப்பினார்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். பூட்டைத் திறக்கும் சாவி எண் என்னிடம் இருந்தும், செய்தி எனக்கு எட்டும் முன்பே அவன் முடிந்துவிட்டதால் பயன்படவில்லை. நான் மறுத்த அன்றே அதைப் பறித்துக்கொண்டார்கள், என் உடைக்கான அனுமதியையும் சேர்த்து.

இந்தப் பூட்டைச் சோதித்தது நவநீதனின் ஆய்வகம்தான். எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? ஓடு பொறியில் ஆளை ஓடவிட்டு, நிறுத்தி, பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுக்கவைத்து அளந்தார்கள். எல்லாரும் அருமையாகத் தேறினார்கள். நிற்கவைத்து அளக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. அவர்கள் ஆய்வகத்தில் கட்டில் இருந்தது!

சுயம்புவைப் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லலாம்தான். படுத்து, ஆறி, எழுந்து வரக் காற்று போதாது.

பகல் 11:56

168. முடிவு செய்துவிட்டேன்.

துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை எங்கள் இருவருக்கும் உண்டு. இரண்டும் நிலையக் கணினி வழியாகத்தான் பூமிக்குப் போகின்றன. பட்டைகளின் பெயர்களை மாற்றிவிட்டேன். என் துடிப்பு இனி சுயம்புலிங்கம் பெயரில் போகும், அவனுடையது என் பெயரில். ஒரு பெயரைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது.

உட்கார்ந்திருப்பவளின் 80 நடப்பவன் பெயரில் போனால் கோளாறு என்று பிடித்துவிடுவார்கள், உடனே பூட்டு. ஆகவே நான் உழைக்க வேண்டும். உடற்பயிற்சி மிதிவண்டி இருக்கிறது. 140-க்கும் 160-க்கும் நடுவில் வைத்திருந்தால் போதும், இன்னும் ஒன்றரை மணி நேரம். இனி எழுத முடியாது, பேசிப் பதிகிறேன்.

பகல் 12:28. குரல் பதிவு

என்னுடையது 151. அவனுடையது, அதாவது திரையில் என் பெயருக்கு நேரே ஓடுவது, 177. இந்த அரை மணிக்கான அனுமதி வந்துவிட்டது. மாற்றியது பலித்திருக்கிறது. அவனிடம் சொன்னேன்:

"ஏல சுயம்பு, நிக்காத. பைய நட, ஆனா நிக்காத. மூச்சு வாங்குனாலும் காலு அசையணும்."

"நடக்கேன் டாக்டரம்மா. நீங்க ஏன் இப்பிடி இளைக்குதிய? ஒல வைக்கச் சொன்னதுக்கா?"

சைக்கிள் மிதிக்கிறேன் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். பிறகு "எனக்காவ நீங்க வேர்க்குதியளாக்கும்" என்றான்.

பகல் 12:37. குரல் பதிவு

பூமியிலிருந்து செய்தி. பழைய எண்களைப் பார்த்து அனுப்பியது:

"சுயம்புலிங்கத்தின் துடிப்பு எல்லையை நெருங்கியிருந்தது, தற்போது தணிந்துள்ளது. மகிழ்ச்சி. மீண்டும் உயர்ந்தால் அவரது நலன் கருதி உடை அவருக்கு ஓய்வளிக்கும். — நவநீதன்"

ஓய்வளிக்குமாம்! இருதயராஜுக்கு அளித்தது போல. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஏறிவிட்டது. நான் மிதிக்கும் வேகம் மாறவில்லை, எண் மட்டும் 155-லிருந்து 171. கோபத்துக்கும் ஓட்டத்துக்கும் இதயத்திடம் வேறு வேறு வழி கிடையாது, அதே நரம்புகள்தான். 171. ஐந்து நிமிடம் இப்படியே நின்றால் அவனைப் பூட்டிவிடுவார்கள். நான் கோபப்பட்டால் அவன் சாவான். இப்படியும் ஒரு கொடுமை உண்டா? திட்டக்கூட எனக்கு உரிமை இல்லை.

மிதியை நிறுத்திவிட்டேன். ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் போட்டேன். மூக்கையும் நெற்றியையும் குளிர் தொட்டால், தண்ணீருக்குள் மூழ்கிவிட்டதாக எண்ணி மூளை இதயத்தை இழுத்துப் பிடிக்கும். 164. 158. மெதுவாக மறுபடி மிதிக்கிறேன். நவநீதனைப் பற்றி நினைக்கக் கூடாது. சம்பளம், சான்றிதழ், எதையும் நினைக்கக் கூடாது. ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பகல் 1:05. குரல் பதிவு

அவன் 186. நான் 157. என் கால் மரத்துப்போகிறது. அதே மிதிதான், துடிப்பு மட்டும் ஏறப் பார்க்கிறது. காலையில் அவனுக்கு நடந்தது இப்போது எனக்கு நடக்கிறது. பாடத்தை உடம்பில் எழுதிப் படிக்கிறேன்.

"டாக்டரம்மா, நெலயம் தெரியுது. ஆனா ரெண்டா தெரியுது."

"எது பக்கத்துல இருக்கோ அதுக்கு வால. பேசாம நட."

பகல் 1:22. குரல் பதிவு

வெளிக்கதவுக்குள் வந்துவிட்டான். காற்றழுத்தம் ஏறும்வரை அந்தச் சின்ன அறைக்குள் ஆறு நிமிடம் நிற்க வேண்டும். உட்காரக்கூட இடமில்லை. பூட்டில்லாமலே சாகடிக்கும் இடம்.

"சுயம்பு, நின்ன எடத்துல நட. காலை மாத்தி மாத்தி எடுத்து வை."

"முடியல டாக்டரம்மா. செத்த நேரம் சும்மா நிக்கேன்."

"நின்ன, செருப்பால அடிப்பேன். எடு காலை! குதிகாலத் தூக்கு. தூக்குல மூதி!"

தூக்கினான். ஆறு நிமிடமும் தூக்கினான். அங்கே அவன் இடமும் வலமும் மாற்றிக்கொண்டிருந்தான், இங்கே நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் 2:15

உயிரோடு இருக்கிறான். உள்கதவு திறந்ததும் என்மேல் சாய்ந்தான். தரையில் படுக்கவைத்து, காலை மருந்துப் பெட்டிமேல் தூக்கி வைத்தேன். உப்புத் தண்ணீர் கொடுத்தேன். எடை பார்த்தால் மூன்று கிலோ குறைந்திருக்கிறது, அத்தனையும் வியர்வை. உண்மையான உச்சத் துடிப்பு 189. அவன் வயதுக்கு அதற்குமேல் இதயத்தால் ஓட முடியாது. விளிம்புவரை போய் வந்திருக்கிறான்.

இப்போது தூங்குகிறான். என் தொடை இரண்டும் நடுங்குகின்றன. வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மாலை 4:40

செய்தி:

"பாராட்டுகள். ஒரே பம்புடன் சுயம்புலிங்கம் ஆறு கிலோமீட்டர் நடந்துள்ளார். துடிப்பு பெரும்பாலும் 150-களிலேயே இருந்தது. உடைக்கு ஒரு பம்பே போதும் என்பது இதனால் தெளிவாகிறது. இனி வரும் உடைகளிலும் அவ்வாறே அமைக்கப் பரிந்துரைத்துள்ளோம். நாளை காலை அவர் மாற்று பேட்டரியை இழுத்துச் சென்று வண்டியை மீட்க வேண்டும். வண்டி உறைந்து வீணானால் அடுத்த கப்பலில் அவருக்கான இடத்தை உறுதிசெய்ய இயலாது. — நவநீதன்"

மூன்று முறை படித்தேன். அவனைக் காப்பாற்ற என் துடிப்பைக் கொடுத்தேன். அதையே சாட்சியாக வைத்து அவனைத் திரும்ப அனுப்புகிறார்கள்.

உடனே உண்மையை அனுப்பினேன். பட்டைகளை மாற்றியது, மிதித்தது, 189, மூன்று கிலோ, எல்லாவற்றையும். மூன்று நாளாவது படுக்கை வேண்டும், இரண்டு பம்பு இல்லாமல் அவன் வாசலைத் தாண்டக் கூடாது என்றும் எழுதினேன். சுயம்புவும் தன் குரலில் பேசி அனுப்பினான்: "அந்தம்மா சொல்லுதது நெசம் சார். சைக்கிள மிதிச்சது அவியதான்."

மாலை 5:25

பதில்:

"டாக்டர் வாஸ், இன்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உங்கள் துடிப்பு 175-க்கு மேல் பதிவாகியுள்ளது. அறைக்குள் இருந்த ஒருவருக்கு இது கடும் பதற்றத்தின் அடையாளம். இந்நிலையில் உங்கள் கூற்றை மருத்துவச் சான்றாக ஏற்க இயலவில்லை. தொழிலாளியின் வாக்குமூலமும் மருத்துவச் சான்றாகாது. நீங்கள் மாத்திரை எடுத்துக்கொண்டு ஓய்வெடுக்கவும். நாளைய பணியில் மாற்றமில்லை."

துடிப்பின் கோட்டைப் பார்த்தால் யாருடைய இதயம் என்று எந்த மருத்துவரும் சொல்லிவிடுவார். ஆனால் எங்கள் பட்டைகள் கோட்டை அனுப்புவதில்லை, எண்ணை மட்டும்தான் அனுப்பும். கோடு அனுப்புவது வீண்செலவாம்.

ஐம்பத்திரண்டு வயதுக்காரி நாற்காலியில் உட்கார்ந்தபடி 189 வரை போனாள் என்பதை அவர் நம்புகிறார். அந்த எண் ஓடி உழைத்த ஓர் இளைஞனுடையது என்பதை நம்பமாட்டார். நம்பினால் இருதயராஜின் சான்றிதழையும் கிழிக்க வேண்டிவரும். பாவி, எங்கள் கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் இவன்.

பணிநாள் 213. காலை 7:30

போய்விட்டான். நான் குளியலறைக்குப் போன நேரம் பார்த்து உடையை மாட்டிக்கொண்டு, வெளிக்கதவு அறைக்குள் போய், உள்கதவைத் தாழிட்டுவிட்டான். கதவை அடித்தேன். உடை வானொலியில் பதில் வந்தது:

"ஏசாதிய டாக்டரம்மா. ஆறு வாரத்துல கப்பல் வருது. இத விட்டா இன்னும் ரெண்டு வருசம் இந்த மண்ணுலதான் கெடக்கணும், என்னால முடியாது. நீங்க சொன்ன மாதிரியே பைய நடக்கேன், நிக்கமாட்டேன். நீங்க மிதிங்க, போதும்."

நான் மிதித்தால் ஒரு பம்பு போதும் என்பதற்கு இன்னொரு சாட்சி. மிதிக்காவிட்டால் இன்று அவன் பேட்டரிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் நடைக்கு ஒரு மணி நேரத்தில் எல்லை தாண்டும், நின்ற இடத்தில் பூட்டிவிடுவார்கள். எனக்கு விட்டுவைத்திருக்கும் வழி இவ்வளவுதான்.

நேற்று மாலை சரிசெய்திருந்த பட்டைகளின் பெயரை மறுபடி மாற்றிவிட்டேன்.

காலை 9:10. குரல் பதிவு

நான் 148. அவன் 181, இன்னும் வண்டியே வரவில்லை. நேற்று இழந்த தண்ணீர் ஒரு ராத்திரியில் திரும்பவில்லை. ரத்தம் கெட்டியாகக் கிடக்கும். திரும்பிவரச் சொன்னேன்.

"பாதிக்கு மேல வந்தாச்சு. வண்டி ஓடிட்டுன்னா ஒக்காந்தே வந்துருவேன்."

கணக்கு சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

காலை 9:48. குரல் பதிவு

"டாக்டரம்மா, பம்பு நின்னுட்டு."

இருந்த ஒன்றும். வண்டி ஒரு கிலோமீட்டரில். பெட்டியை விட்டுவிடு, அங்கேயே படு, காலைப் பெட்டிமேல் வை என்றேன். படுத்தான். உழைப்பு நின்றது, சூடு நிற்கவில்லை. உடைக்குள் இருக்கும் சூட்டுக்குப் போக வழியில்லை. 187. படுத்திருப்பவனுக்கு 187.

தோல் கேட்கிறது, மூளை கேட்கிறது. குடல் எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டது, சிறுநீரகமும். நரம்புகள் இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தலைக்குப் போகவேண்டியதைத் தலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவன் உடம்பில் ஒரு நரம்புகூடத் தப்புச் செய்யவில்லை. இதை யாராவது எழுதி வையுங்கள். அவனிடம் ஒரு குறையும் இல்லை.

நான் 169. கோபம். ஈரத்துணி. ஏழோரேழ் ஏழு. ஈரேழ் பதினாலு.

காலை 10:06. குரல் பதிவு

"டாக்டரம்மா... வேக்கல. வேர்வ நின்னுட்டு. குளுருத மாதிரி இருக்கு."

"சுயம்பு, எங்கூடப் பேசிட்டே இரு. ஒங்க ஊர்ல பதநி எப்ப எறக்குவாவ? சொல்லு."

"மாசி... மாசியில..."

"அப்புறம்? அப்புறம் சொல்லுல."

காலை 10:21. குரல் பதிவு

என் பெயருக்கு நேரே 190. பிறகு 204. அது துடிப்பு இல்லை, வெறும் நடுக்கம். பிறகு 0.

பட்டை நழுவியிருக்கலாம். வேர்வை காய்ந்தால் நழுவும். நழுவும். எத்தனையோ முறை நழுவியிருக்கிறது. நான் நிறுத்தினால் அனுமதி வராது, உடை பூட்டிக்கொள்ளும், எழுந்து நடக்க நினைத்தால் அவனால் எழ முடியாது. மிதிக்கிறேன். 146. நவநீதா, உன்னை, உன்னை நான். இல்லை. கோபப்படக் கூடாது. 152. 149.

சுயம்பு. ஏல சுயம்பு. காலை அசை. அசைச்சிட்டேன்னு மட்டும் சொல்லு.

146.

காலை 10:50. பூமியிலிருந்து வந்தது, கணினி தானாகப் பதிந்தது

"டாக்டர் வாஸ் அவர்களின் துடிப்பு காலை 10:21-க்கு நின்றுவிட்டதாகப் பதிவாகியுள்ளது. அளவுகடந்த பதற்றமே காரணம் என மருத்துவக் குழு கருதுகிறது. ஆழ்ந்த இரங்கல். சுயம்புலிங்கம், நீங்கள் மனம் தளர வேண்டாம். உங்கள் கால் அசைவு எங்களுக்குக் கிடைக்கவில்லை. உணரி பழுதாகியிருக்கலாம், கவலை இல்லை. துடிப்பு 146, மிக நன்று. நடையைத் தொடரலாம். அனுமதி வழங்கப்படுகிறது."